வாத்தியார் வீட்டுக் கதவு

அப்பாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அதே தெருவில் இருக்கும் டாண்டி அம்மாளின் ஓக் மரக் கதவில் கடிதம் போட ஒரு துவாரம் வெட்டியது. ஜேபஸ் பர்ஸ்லோ பென்சிலால் கோடு போட்டார். ரயில் பாதை அளக்கும் பொறியாளரான மகன் எட்வின் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். கால் அங்குலம் சாய்வு. அழித்து, நேராகப் போட்டு, அறுத்தான்.

“சாய்ஞ்சிருந்தா கடுதாசி வழுக்கிடுமாடா?” என்றார் ஜேபஸ்.

டாண்டி அம்மாள் விடவில்லை. “ஊர்க் கதவையெல்லாம் குடையிறீங்களே வாத்தியாரே, உங்க கதவு மட்டும் என்ன, மகாராணி வீட்டுக் கதவா? சனிக்கிழமைக்குள்ள அதையும் வெட்டணும். இல்லேன்னா இதுல பலகை அடிச்சிடுவேன். நான் அடிச்சா தெருவே அடிக்கும்.”

“வெட்டிடறேம்மா.”

ஜேபஸ், பியூட்லி ஊரில் முப்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவர். பிரம்பு கிடையாது. தப்பு செய்தவனைப் பையன்களே கூடி விசாரிப்பார்கள். ஒருமுறை தாமதமாக வந்ததற்கு அவரையே விசாரித்து மூலையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தார்.

நாடு முழுக்கக் கடிதத்துக்கு ஒரே ஒரு பென்னி காசுதான் கட்டணம் என்று ஆக, மனுவோடு வீடு வீடாக நடந்தார். அது வந்ததும், கதவுகளில் துவாரம் வெட்ட வைக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டார். தபால்காரர் ஏமஸ் ஒவ்வொரு கதவையும் தட்டி இரண்டு நிமிடம் நிற்கிறார். தொண்ணூறு கதவு, மூன்று மணி நேரம். குன்றின் மேல் பண்ணைகளுக்கு அன்று கடிதம் இல்லை. இப்படிக் கணக்குச் சொன்னவர் தன் கதவை வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டார்.

புதன்கிழமை ஒருவழியாக அதில் கோடு போட்டார். வியாழக்கிழமை பாடத்தின் நடுவே நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அடக்கம்.

சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. ஏமஸ். ஏழு கடிதங்களைக் கொடுத்துவிட்டும் நகரவில்லை.

“அய்யா தினமும் உள்ள கூப்பிட்டு டீ குடுப்பாரு தம்பி. பத்து நிமிஷம். ஓட்டை போட்டா நான் எதுக்குத் தட்டப்போறேன்? இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன்.”

எட்வின் டீ ஊற்றிக் கொடுத்தான். “டாண்டி அம்மா என்ன பண்றாங்க?”

“சுத்தியலும் பலகையும் வாசல்ல ரெடி. அழுதுக்கிட்டே எடுத்து வெச்சாங்க.”

ஏமஸ் போனதும் எட்வின் அப்பா கதவில் போட்ட கோட்டின் மேல் ரசமட்டத்தை வைத்தான். கால் அங்குலம் சாய்வு. அழிக்கவில்லை. சாய்ந்த கோட்டின் முனையிலேயே துளைப்பானை ஊன்றினான்.