ஐந்து அங்குலம் தாழ்ந்த வளையம்

தாராபுரத்திலிருந்து காங்கேயம் வரும் பேருந்தில் இருந்தபோது செய்தி வந்தது. நம் பள்ளியின் பழைய மாணவர்கள் குழுவில் ஒரே ஒரு வரி: "பூங்கொடி டீச்சர் இன்று காலை தவறிவிட்டார்கள்." அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. நான் எதுவும் போடவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன் என்று நடத்துநர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

உங்களில் பலருக்கு அவர் கணக்கு டீச்சர். எனக்கு பதினாறு வருடம் உடன் வேலை பார்த்தவர். உங்களுக்கு பி.டி. சாராக இருந்த நான், உங்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அவர் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். அந்தக் கோபம் என் மேல் எனக்கு இருக்கிறது.

கூடைப்பந்து ஆட்டங்களில் ஸ்கோர் எழுத நம் பள்ளியில் ஆள் கிடையாது. எல்லா ஆசிரியர்களும் வெயிலுக்குப் பயந்தவர்கள். இவர் மட்டும், "எங்க உக்காந்தாலும் நோட்டுத்தானுங்களே திருத்தப் போறேன்" என்று சொல்லி, ஒரு கட்டு நோட்டோடு வந்து மேசையில் உட்கார்ந்தார். வந்த முதல் வருடமே எங்களுக்கு ஆப்பு வைத்தார். காரமடை அணியோடு ஆட்டம். ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டதாகப் பையன்கள் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். எதிரணி கடைசியில் போட்ட ஒரு கூடையை, அவர்கள் பக்கம் ஸ்கோர் எழுதிய ஆளே எழுத மறந்திருந்தார். டீச்சர் எழுந்து, "அந்த ரெண்டு புள்ளியச் சேக்கோணுமுங்க" என்று நடுவரிடம் சொன்னார். தூக்கியவர்கள் என்னை இறக்கிவிட்டார்கள். "நீங்க நம்ம பள்ளிக்கூடந்தானுங்களே டீச்சர்?" என்று அணித்தலைவன் அழுதுகொண்டே கேட்டான். "பார்த்ததத்தான் கண்ணு எழுத முடியும்" என்றார். ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

தினேஷ் வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. அம்மா தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு உலர்த்தும் வேலைக்குப் போனார். பையன் பதினொன்றாம் வகுப்பிலேயே ஆறடி ஒரு அங்குலம். அவன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த ஜூன் மாதம், பழைய மாணவர்கள் புண்ணியத்தில் நம் மைதானத்துக்குப் புதிய கான்கிரீட் தளம் போடப்பட்டது. ஜூலையில் தினேஷ் டங்க் அடித்தான். எகிறி, வளையத்துக்கு மேலே கையைக் கொண்டுபோய், பந்தை நேராக உள்ளே அறைந்தான். இருநூறு பேர் படிக்கும் பள்ளியில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. சாயங்காலமானால் எண்ணெய் ஆலைக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டு சுற்றுச்சுவரோரம் நின்றார்கள். யாரோ எடுத்த வீடியோ கோவையில் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் வரை போனது. டிசம்பரில் அவர் அழைத்தார். நேரில் பார்க்க வருகிறேன், பார்த்தது பிடித்தால் படிப்பும் விடுதியும் கல்லூரிப் பொறுப்பு என்றார். கிடைக்காவிட்டால் தேர்வு முடிந்ததும் தினேஷும் களத்துக்குப் போக வேண்டியதுதான். அதை அவன் அம்மா முன்பே சொல்லியிருந்தார்.

பயிற்சியாளர் வருவதற்கு முந்தின நாள், டீச்சர் பத்தாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிவந்தார். ஒரு குச்சியின் நிழலை வைத்து வளையத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கும் பாடம். முப்பது பேருக்கும், விதிப்படி இருக்க வேண்டிய பத்தடிக்குக் குறைவாகவே விடை வந்தது. திட்டிவிட்டு மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் அதே விடை. பள்ளி விட்டதும் தானே நாற்காலி மேல் ஏறி, டேப்பைப் பிடித்து அளந்திருக்கிறார். பிறகு என் அறைக்கு வந்தார்.

"ஏனுங்க சார், வளையம் அஞ்சு அங்குலம் கம்மியா இருக்குதுங்க. பழைய தரை மேலயே புதுத் தரையப் போட்டுப்போட்டாங்க. கம்பத்த யாருமே ஒசத்தல."

நான் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். புதுத் தரையின் பளபளப்பைப் பார்த்து ஊரே குனிந்து நின்றதில், நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

தெரியும். தளம் காய்ந்து முதல் நாள் பந்தைப் போட்டபோதே என் கைக்குத் தெரிந்துவிட்டது. கம்பத்தை உயர்த்த வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவன் டங்க் அடித்துவிட்டான். கூட்டம் கூடியது. என் பெயரும் நாலு பேருக்குத் தெரிந்தது. பிறகு எனக்கு வாயைத் திறக்க மனம் வரவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் விட்டுடுங்க டீச்சர். பையனோட வாழ்க்கைங்க" என்றேன்.

"அந்தக் காலேஜுல வளையம் பத்தடிலதானுங்க இருக்கும். மொத நாளே எட்டாம நிப்பானுங்க. அன்னைக்கு அவன் பக்கத்துல நீங்களும் இருக்கமாட்டீங்க, நானும் இருக்கமாட்டேன்" என்றார். "நான் அந்தச் சாருகிட்டச் சொல்லமாட்டேனுங்க. பையங்கிட்டச் சொல்லோணும். அவன் முடிவு பண்ணட்டும்."

காலை எட்டு மணிக்கு தினேஷிடம் சொன்னேன். "டீச்சர் நேத்து அளந்து பார்த்தாங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். டீச்சர் பக்கத்தில்தான் நின்றார். அவர் வாயைத் திறந்தால் என் கதி என்ன என்று பயந்தேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தினேஷ் வளையத்துக்கு அடியில் போய் வெகுநேரம் அண்ணாந்து நின்றான்.

"அப்ப நான் இத்தன நாளா போட்டதெல்லாம் பொய்யுங்களா சார்?" என்றான். பிறகு அவனே, "ஏத்திப்போடுங்க சார்" என்றான்.

பட்டறை வைத்திருந்த பழைய மாணவர் ஒருவரை வரவழைத்தோம். பலகையில் ஐந்து அங்குலம் மேலே நான்கு புதிய துளைகள் போட வேண்டும். டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். மூன்றாவது துளையில் துளைப்பான் முனை ஒடிந்தது. வேறு முனை வாங்க வண்டி போனது. பத்து மணிக்கு வர வேண்டிய பயிற்சியாளரின் கார் ஒன்பதே முக்காலுக்கே வாசலில் நின்றது. கடைசி போல்ட்டை முடுக்கிய கையோடு டீச்சர் மறுபடி அளந்தார். சரியாகப் பத்தடி.

பள்ளி முழுக்க மைதானத்தைச் சுற்றி நின்றது. தினேஷ் ஓடிவந்து எகிறினான். பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதி நடுக்கோடு வரை திரும்பி வந்தது. இரண்டாவது முறை விரல்கள் வளையத்தைத் தொட்டன, பந்து நழுவியது. மூன்றாவது முறைக்கு முன் அவன் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் உள்ளே போகவில்லை. அவன் அம்மா களத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார்.

"வீடியோல நல்லாப் போட்டியேப்பா?" என்றார் பயிற்சியாளர். தினேஷ் நடந்ததை அவனே சொன்னான். அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஆறு மாசமா இது யாருக்குமே தெரியாதுங்களா?"

"எனக்கு நேத்துச் சாயங்காலந்தானுங்க தெரியும்" என்றார் டீச்சர். அதோடு நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்க்கவும் இல்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அது எனக்காக விட்ட இடம் என்று எனக்குப் புரிந்தது. நான் பந்தைத் துண்டால் துடைத்தேன்.

அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்ன பையன், அடுத்த வருடத் தேர்வுக்கு வரட்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டுப் போனார். தினேஷ் ஒரு வருடம் களத்தில் பருப்பு உலர்த்தினான். சாயங்காலங்களில் சரியான வளையத்தில் எகிறினான். டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டே பார்த்தார். களத்துக்குப் போன ஏழாவது மாதம் ஒரு நாள் பந்து உள்ளே போனது. மைதானத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டுமே இருந்தோம். அவர் எழுந்து நின்று கை தட்டினார். அடுத்த வருடம் கல்லூரியில் அவனுக்கு இடமும் கிடைத்தது.

பந்து உள்ளே போன அன்று மைதானத்திலிருந்து திரும்பும்போது, "அவங்கிட்டச் சொல்லிடட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டேன். "எப்ப வேணும்னாலும் சொல்லலாமுங்க. ஆனா நீங்கதான் சொல்லோணும்" என்றார். அதன் பிறகு ஒரு நாள்கூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எத்தனையோ நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

அடக்கத்துக்கு தினேஷ் வந்திருந்தான். இப்போது அவனும் கோவையில் ஒரு பள்ளியில் பி.டி. சார். முன்வரிசையில் தோள் கொடுத்தான், உயரம் பொருந்தாமல் குனிந்தே நடந்தான். டீச்சரின் மகள் அந்தப் பழைய டேப்பை என்னிடம் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

டேப் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், அவர் எனக்காக நிரப்பாமல் விட்ட அந்த இடமும்தான். பார்த்ததைத்தான் எழுத முடியும் என்பார் அவர். எழுதுகிறேன். தினேஷ், வளையம் தாழ்ந்திருந்தது எனக்கு ஜூன் மாதமே தெரியும். நீ களத்தில் கழித்த அந்த ஒரு வருடம் என்னால் போனது.