முட்டிக்கு எடுத்த அளவு

வலது முட்டியின் உள்பக்கம் தேய்ந்துபோய், தறிக்குழிக்குள் கால் இறக்க முடியாமல் நான்கு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார். என் வாய்க்கு அந்த நான்கு மாதமும் ஓய்வே இல்லை.

முட்டி மூட்டில் பாதியை மட்டும் மாற்றினால் போதும் என்றார் டாக்டர்.

"மறுபடி தறியில மிதி மிதிக்க முடியுமா சார்?"

"சைஸ் சரியா அமைஞ்சா மிதிக்கலாம்மா."

அளவு விஷயத்தில் நான் யாரையும் நம்புகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் ஜன்னலுக்குத் திரை போடுவதானாலும் நூல் பிடித்துத்தான் அளவு. பட்டு நூலை முட்டியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அடுத்த முறை டாக்டர் கையில் கொடுத்தேன்.

"இது வீக்கத்தோட அளவும்மா. எலும்பை எக்ஸ்ரேல அளந்தாச்சு. உங்களுக்குச் சின்ன சைஸ்தான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தாம்பெரிய உடம்பைத் தாங்கற காலுக்குச் சின்னதா? ஒரு சைஸ் பெருசாவே போடுங்க."

"பெருசா போட்டா எலும்பைத் தாண்டி நீட்டிக்கினு நிக்கும், உரசும். வலி போகாது."

"வாய்க்கு அளவெடுத்திருந்தா பெருசு வந்திருக்கும் சார்," என்றார் என் கணவர். வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்டது. எலும்புகளுக்கு நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் துண்டுக்கும் அளவு உண்டாம். மறைப்பாகக் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்.

"மூணு லூசா இருக்குது. அஞ்சு குடு... இறுக்குதே."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், தறியில இழுத்துக் கட்டற பாவு நூல் மாதிரி பாருங்க! இறுக்கினா நூல் அறுந்துடும், தொய்ஞ்சா துணியே வராது!"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் நாலாம் அளவை வைத்து, மடக்கி, நீட்டி, "இப்போ உங்க பாவு சரியா இருக்குதும்மா," என்றார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் சம்மதித்தார். கணவரின் தோளைப் பிடித்துக் குழிக்குள் இறங்கினேன். நான் பாதியில் விட்ட புடவை அப்படியே இருந்தது. யாரையாவது வைத்து முடிக்கச் சொல்லி, நூல் கொடுத்த முதலாளி எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்.

"உன் பாவு. வேற யாரை உட்கார வைக்கறது?" என்றார் என் கணவர்.

மிதித்தேன். பாவு நூல் மேலும் கீழுமாகத் திறந்தது. வலி இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு சாண் நெய்துவிட்டுத்தான் எழுந்தேன்.