யார் தண்ணீர் விடுவார்கள்

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்றதும் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். தாழ்த்த வேண்டியதே இல்லை. எந்த டாக்டரும் எந்தக் குறையும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் உட்கார்ந்து பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தோம், அவ்வளவுதான். கே.கே. நகர் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள், "பேர் சொல்ல ஒண்ணாவது வேணாமா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். "ரேஷன் கார்டு சொல்லுதே, போதாதா?" என்பார் அவர். சாமி, திதி எதையும் நம்பாத மனுஷன். அவருடைய அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சொன்னால்கூட, "உயிரோட இருந்தப்ப காபி போட்டுக் குடுத்தாச்சு" என்று நழுவிவிடுவார்.

அப்படிப்பட்டவர், புத்தூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார்: "எனக்கு யார் தண்ணி விடுவா?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் நர்ஸ் வந்தாள், பேச்சு மாறிப்போனது. அவர் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை.

கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சமையலறைக் குழாயைத் திறந்தால் கேட்கும். செடிக்கு ஊற்றும்போது முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கும். அதே சளி கட்டிய குரல். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவைக் கடைசியில் அவர் மட்டும் தனியாக மாற்றிக்கொண்டாரா? யாரிடம் போய்க் கேட்பது? செத்தவர் மேல் கோபப்பட்டுக்கொண்டு எத்தனை நாள்தான் பாத்திரம் தேய்ப்பது?

கொள்ளி வைத்தது அவருடைய அண்ணன் மகன். வெளிநாட்டிலிருந்து மறுபடியும் வந்து வருஷத் திதியையும் முடித்துக்கொடுத்தான். "இனிமே லீவு கிடைக்கிறது கஷ்டம் சித்தி" என்று ஏர்போர்ட்டில் சொன்னான். நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதனால் இந்த ஆடி அமாவாசைக்கு நானே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. தர்ப்பணம் செய்துவைக்கும் புரோகிதர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, என் பின்னால் யாரையோ தேடினார்.

"பையன் வரலையாம்மா?"

"பிள்ளைங்க கிடையாது. வேணாம்னு இருந்துட்டோம்."

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர், "கவலைப்படாதீங்க. இங்க எல்லாருமே கடைசியா ஒரு கை தண்ணி விடுவாங்க, யாருமே இல்லாம போனவங்களுக்குன்னு. சாரும் அதுல வந்துடுவாரு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அவருக்கு ஏங்க யாருமில்லை? நான் இல்லையா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துப் படிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

புரோகிதர் ஒரு தர்ப்பைப் புல்லை எடுத்து என்னிடம் நீட்டினார். "பொம்பளைங்க நேரா விடறது வழக்கமில்லைம்மா. தர்ப்பையை என் கையில குடுங்க, உங்களுக்காக நான் விடறேன்" என்றார். கொடுத்தேன். பெயரைக் கேட்டார். வாழ்ந்த காலமெல்லாம் "என்னங்க" என்றே கூப்பிட்டவரை அன்றைக்கு வாய்விட்டுப் பெயர் சொன்னேன். ஒவ்வொரு தடவை சொன்னபோதும் எள்ளும் தண்ணீரும் புரோகிதர் விரல் வழியே காவிரியில் விழுந்தன.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இன்றைக்கு அவருக்கு நான் இருக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு இந்தப் பெயரைச் சொல்ல ஆள் கிடையாது, என் பெயரைச் சொல்லவும் கிடையாது. முகம் தெரியாத யாரோ, தன் அப்பாவுக்கு விட்டது போக மிச்சத்தில் விடும் தண்ணீர்தான் எங்கள் இரண்டு பேருக்கும். அதை நினைத்து அந்தப் படியிலேயே அழுதேன்.

புரோகிதர் என்னை நிமிர்ந்து பார்க்கத் தயங்கினார். "அந்தக் கடைசித் தண்ணியையும் விட்டுடட்டுமாம்மா?"

"விடுங்க" என்றேன். "கொஞ்சம் நிறையவே விடுங்க."