மாறனின் சுங்கானில் எரியாத இலை

என் கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர் சொல்லக் கேட்டவற்றை விட்டுவிட்டேன். இதில் ஒரு சொல் மிகையானாலும் நீங்கள் முழுவதையும் தள்ளிவிடுவீர்கள்; உங்கள் இடத்தில் நானும் அதையே செய்வேன். பேய், அருள், அற்புதம் எதையும் நம்பியவன் அல்லன் நான்.

திருச்சியில் நாங்கள் மூவர் சுங்கான் என்னும் குழாயில் புகை பிடிக்கும் நண்பர்கள்: மாறன், சுந்தரம், நான். மருத்துவர் தடுத்தபின் சுந்தரம் கடிகாரம் பார்ப்பவன் மட்டுமே. ஆண்டுக்கொரு முறை எங்களுக்குள் போட்டி நடக்கும். ஆளுக்கு மூன்று கிராம் புகையிலை, இரண்டு தீக்குச்சி. யாருடைய சுங்கான் அதிக நேரம் அணையாமல் புகைகிறதோ அவர் வென்றவர். ஏமாற்று இருக்கக் கூடாதென்று ஒருவர் சுங்கானை எதிராளிதான் நிறைத்துத் தர வேண்டும். வென்றவரிடம் ஓராண்டு இருக்கும் பரிசுச் சுங்கான், ஆறு ஆண்டுகளாக மாறன் வீட்டு அலமாரியை விட்டு நகரவில்லை. அவன் வெல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வென்றபின் "ஏதோ அமைஞ்சுதுப்பா" என்று சிரிப்பானே, அதைத்தான் தாங்க முடிவதில்லை.

இம்முறை புகையிலை விளையும் மண்ணிலேயே போட்டி என்று முடிவாகி, யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏறினோம். காலையில் கீரிமலைக் கேணியில் குளித்தோம். மாறன் தன் மனைவிக்கென்று அந்த ஊற்றுநீரை ஒரு குப்பியில் நிரப்பிக்கொண்டான். பிற்பகலில் வட்டுக்கோட்டைக்கு அருகே, தருமலிங்கம் என்ற புகையிலைத் தோட்டக்காரரின் கிணற்றடி மாநிழலில் அமர்ந்தோம்.

"மூண்டு பேரும் பிளேன் ஏறி வந்தது உதுக்கோ?" என்று அவர் சிரித்தார். "எங்கடை இலை வெத்திலையோடை போடுறது, தம்பி. உந்தக் குழாயிலை வைச்சா உறைக்கும். பிறகு என்னை ஏசக்கூடாது."

"உறைக்கட்டும் ஐயா," என்று மாறன் என் முதுகில் தட்டினான். "இவன் காரத்துக்கு அழறானா, தோத்ததுக்கு அழறானான்னு யாருக்கும் தெரியாம போயிடும்ல."

அவர்கள் தோட்டம் பார்க்க நகர்ந்தார்கள். மாறனுக்குரிய இலையை அவனுடைய குப்பி நீரிலேயே நனைத்துப் பிழிந்து, அவன் சுங்கானில் அழுத்தினேன். மேலே மட்டும் ஒரு சிட்டிகை உலர்ந்த இலை. இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும்.

ஒரே குச்சியில் பற்றியது. இரண்டு நிமிடம் போயிற்று, பத்தும் போயிற்று, நம்பினால் நம்புங்கள், அவன் வாயிலிருந்து புகை நூல்போல வந்துகொண்டே இருந்தது. அதையே பார்த்திருந்த நான் என் சுங்கானை மறந்தேன். அவன் நேர்மையாக நிறைத்துத் தந்திருந்த அது நாற்பதாம் நிமிடத்தில் அணைந்தது. சுந்தரத்தின் கடிகாரப்படி எழுபத்தொரு நிமிடம் ஆனபோது, மாறன் தானே போதுமென்று கீழே வைத்தான்.

"இவ்வளவு குளுமையா ஒரு இலையை நான் பிடிச்சதே இல்லை," என்றான். "ஏதோ அமைஞ்சுது."

துடைத்துத் தருவதாகச் சொல்லி வாங்கிப்போய்க் கிணற்றுக்கட்டில் தட்டினேன். சிட்டிகைச் சாம்பல் உதிர்ந்தது. அதன்பின், நான் அழுத்திய கட்டி ஒரு நுனியும் கருகாமல் ஈரமாக விழுந்தது. அருகில் நின்ற தருமலிங்கம் அதை எடுத்து விரல்களால் நசுக்கிப் பார்த்தார்.

"உது நெருப்புக் காணாத இலை. அப்ப உவர் இவ்வளவு நேரமும் என்னத்தைக் குடிச்சவர்?"

கட்டியை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"நீங்களோ நனைச்சனீங்கள்?"

"ஓம்," என்று அவர் வழக்கிலேயே சொன்னேன். என் வழக்கில் சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் கட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். "சொல்லமாட்டன். ஆனா உதை என்ரை காணியிலை போடாதேங்கோ. கொண்டு போங்கோ."

அந்தக் கட்டி ஒரு தகரச் சிமிழில் என் மேசைமேல் இருக்கிறது. திருச்சியின் ஒரு கோடை முழுவதும் மூடியைத் திறந்தே வைத்திருந்தேன், உலரவில்லை. இன்று காலையும் விரலில் ஈரம் ஒட்டியது. மாறனிடம் நான் இதைச் சொல்லவில்லை. வஞ்சகம் செய்தவன் நான். அற்புதம் வாய்த்தது அவனுக்கு, அதுவும் அவன் அறியாமலே. சொன்னால் அதற்கும் சிரிப்பான்.

எழுபத்தொரு நிமிடம் எரிந்தது எது என்று எனக்குத் தெரியாது.