கடிச்சுதா என்று கேட்காதீர்கள்

முதலில் வலிக்கவே இல்லை. சாலையில் குப்புறக் கிடந்தபடி என் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே கரண்டிக் காம்பு மாதிரி வளைந்திருந்தது. இது யாருடைய கை என்றுதான் தோன்றியது. வலி அதற்குப் பிறகு வந்தது. வந்த விருந்தாளி கிளம்பவே இல்லை.

என்னைத் தள்ளிவிட்டது ஒரு நாய். பெயர் பிரின்ஸ். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் வின்சென்ட் வளர்ப்பது. வின்சென்ட் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அன்று காலையில் காரை வெளியே எடுக்கக் கேட்டை விரியத் திறந்து போட்டிருந்தார். நான் கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கன்றுக்குட்டி உயரமுள்ள அந்த உருப்படி இரண்டு முன்கால்களையும் தூக்கி என் தோளில் போட்டது. கையை ஊன்றி விழுந்தேன்.

விழுந்தவளின் முகத்தை நக்கி, வாலையும் ஆட்டியது. வின்சென்ட் ஓடி வந்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது: "பயப்படாதீங்க அக்கா, அது கடிக்காது."

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி விழுந்து, கையில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எலும்பு எப்படியும் கூடும். அதற்குள் நூறு பேர் வந்து உங்கள் பொறுமையை ஒடிப்பார்கள். அதற்குத்தான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

நானும் என் கணவர் தங்கராஜும் தக்கலையில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறோம். அடுப்பு அவருடையது, நேந்திரங்காய் என்னுடையது. கொதிக்கிற தேங்காயெண்ணெய்க்கு மேலே சீவுபலகையைப் பிடித்து, உரித்த காயை நேராக எண்ணெயிலேயே சீவிப் போட வேண்டும். ஒரே கனத்தில் விழாவிட்டால் ஒன்று கருகும், ஒன்று நமத்துப்போகும். அந்தக் கனம் என் வலது மணிக்கட்டில் இருந்தது. ஓணத்துக்குக் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளப் பக்கத்திலிருந்து ஆட்கள் எங்கள் கடையைத் தேடி வருவதே அதற்காகத்தான். எனக்கு அந்தக் கை திரும்பி வர வேண்டும். வேறு எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மருத்துவர், "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பதில் சொல்லிவிட்டார்.

"வழுக்கி விழுந்துட்டா டாக்டர். மழை பெஞ்ச ரோடில்லியா."

அந்த வாரம் முழுக்க ஒரு தூறல்கூடக் கிடையாது. மருத்துவர் அப்படியே எழுதிக்கொண்டார். எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போகிற வழியில், தாழ்வாரத்தில் வைத்துக் கணவரிடம் கேட்டேன், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று.

"ஏட்டி, நாய்னு சொன்னா போலீஸ் கேசாவும். நாளைக்கு அவன் மொகத்துல முழிக்கண்டாமா? அது கடிக்கவும் இல்லியே. சவத்த விடு."

ஒடிந்தது என் கை. இவருக்குக் கவலை வின்சென்டின் முகத்தைப் பற்றி.

டிஸ்டல் ரேடியஸ் முறிவு (முன்கையின் பெரிய எலும்பு மணிக்கட்டருகே உடைவது) என்று சொன்னார்கள். இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். இழுத்தபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விரல்கள் வீங்கின. திரும்பப் போனோம். சட்டைக் கையை விலக்கிய செவிலி தோளில் இரண்டு சிவந்த கோடுகளைப் பார்த்தாள். "இது என்னக்கா கீறல்?" என்றாள். நாய் நகம் என்றேன். எலும்பு மருத்துவர் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கடிக்காட்டாலும் நகம் பட்டுத் தோல் கிழிஞ்சா ரேபிஸ் ஊசி போட்டாகணும். இதை நேத்தே சொல்ல வேண்டாமா?"

ரேபிஸுக்குத் தமிழில் வெறிநாய்க்கடி நோய் என்று பெயர் வைத்திருக்கிறோம். நோயின் பெயரிலேயே கடியைச் சேர்த்துவிட்ட பிறகு கீறலை யார் மதிப்பார்கள்? ஊசிகள் போட்டுக்கொண்டேன். நீங்களும் அவசரப் பிரிவில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வீட்டுக்காரர் பதில் சொல்ல முந்தினால் நல்ல கையால் அவர் வாயைப் பொத்துங்கள்.

கொஞ்ச நாள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு மறுபடி விலகியிருந்தது. அறுவை செய்து பிளேட் (எலும்போடு திருகிப் பொருத்தும் உலோகத் தகடு) வைத்தார்கள். தோளருகே ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். துணித் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தச்சு வேலை செய்கிற மாதிரி சத்தம். அந்த மரம் நான்தான் என்று நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வருகிறவர்கள் தொடங்கினார்கள். எங்கள் பக்கம் நாயைப் பட்டி என்றும் சொல்வோம். ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு உட்காருவார்கள். "பட்டி கடிச்சுதா?" இல்லை என்பேன். "ஓ, கடிக்கல்லியா. நல்ல காலம்!" அத்தோடு அவர்களுக்கு என் கைமேல் இருந்த ஆர்வம் வடிந்துவிடும். சிலர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரியும். ஏதோ நான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. கடித்திருந்தால் நான்கு பல்தடத்தோடு போயிருக்கும். எனக்குள் தகடும் திருகாணிகளும் கிடக்கின்றன, அதற்கு நல்ல காலமாம்.

வின்சென்டும் வந்தார், சத்துமாவு டப்பாவுடன்.

"பிரின்ஸுக்கு ஒங்கள ரொம்பப் பிடிக்கும் அக்கா. பாசத்துல மேல சாடுனதாக்கும். கடிச்சிருந்தா நான் சும்மா விட்டிருப்பனா?"

"கடிக்கல்ல. சரி. கேட்டத் தொறந்து போட்டது யாரு?" என்று கேட்டேன்.

"நீங்க பதறிட்டிய, அதாக்கும் விழுந்தது. அசையாம நின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது கேட்டியளா."

என் கணவர் அவருக்கு டீ போட உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பிரின்ஸ் சங்கிலி இல்லாமல் தெருவில் உலாத்திக்கொண்டிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என் சித்தப்பா மகன் வக்கீல். போனில் அவனிடம் கேட்டேன். "சட்டத்துல கடின்னு ஒரு பேச்சே கெடையாது அக்கா. வளக்கிறவன் அசட்டையா விட்டு, அதனால ஒருத்தருக்குப் பெரிய காயம் வரும்னு இருந்தாப் போதும். எலும்பு ஒடிஞ்சா அது பெரிய காயந்தான். புகார் குடுங்க," என்றான்.

கொடுத்தேன். என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கூட வந்தார். புகாரை வாசித்த காவலர் நிமிர்ந்து, "கடிச்ச தடம் எங்கம்மா?" என்று கேட்டார். இதற்கென்றே எங்காவது பயிற்சி கொடுக்கிறார்களோ என்னவோ. வின்சென்டைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் அமைதியாகச் சொன்னார்: "அக்கா வழுக்கி விழுந்ததுன்னு அவிய வீட்டுக்காரரே ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காரு சார். கேட்டுப் பாருங்க."

அன்று டீ குடிக்கும்போது என் கணவரே சொல்லியிருக்க வேண்டும். காவலர் என் கணவரைப் பார்த்தார். நான் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் ஒரே அடுப்படியில் நின்ற மனிதர். அந்த நிமிஷத்தில் ஒடிந்ததற்குத் தகடு வைக்க முடியாது என்று நினைத்தேன். இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிசியோதெரபி (பயிற்சிகள் மூலம் மூட்டை மறுபடி அசைய வைக்கும் சிகிச்சை) தொடங்கியது. உருகிய சூடான மெழுகில் கையை முக்கி எடுக்க வேண்டும். அது இதமாக இருக்கும். அடுத்து வருவது சுப்பினேஷன் (உள்ளங்கை மேலே பார்க்கும்படி முன்கையைத் திருப்புவது). என் கை பாதி திரும்பும், பிறகு நிலையில் இடித்த கதவு மாதிரி நிற்கும். பயிற்சி தருகிற பெண் மேலும் கொஞ்சம் அழுத்துவாள். நான் அவளுடைய முன்னோர்களை மனதுக்குள் வரிசையாகக் கூப்பிடுவேன். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். திட்டுங்கள், ஆனால் பயிற்சியை விடாதீர்கள்.

ஒருநாள் மெழுகுத் தொட்டிக்கு எதிரே, கையைக் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கப் போட்டபடி பிரேமா உட்கார்ந்திருந்தாள். வின்சென்டின் மனைவி. என்னைக் கண்டதும் எழுந்து போகப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"மாடிப்படில வழுக்கிட்டேன் அக்கா. தோள் எறங்கிப் போச்சு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். வழுக்கிட்டேன். அதை நானாகச் சொன்னதில்லை, எனக்காகச் சொல்லப்பட்டது. எப்படி அந்தக் கேள்வி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"கடிச்சுதா?" என்று கேட்டேன்.

பிரேமா நிமிர்ந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு கண் நிறைந்துவிட்டது.

"பூனையப் பாத்துட்டு ஒரே இழு. சங்கிலி கைல சுத்திக் கெடந்துது. வழுக்குனேன்னு சொல்லுன்னு அவிய சொன்னாவ. நீங்க கேஸ் குடுத்திருக்கியள்ளா, அதனால." தூளியை இழுத்துச் சரிசெய்தாள். "அக்கா, நீங்க விழுந்தப்போ நான் மொட்டமாடில துணி காயப்போட்டுட்டு நின்னேன். எல்லாம் பாத்தேன்."

எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "பாத்துட்டு இவ்வளவு நாளா வாயத் தொறக்கல்லியா நீ?" என்று கத்தினேன். பயிற்சி தருகிற பெண் உள்ளே ஓடி வந்தாள். நான் மெழுகை உரித்து எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் முறை காவல் நிலையத்துக்குப் போனபோது வின்சென்டோடு அவளும் வந்திருந்தாள். அவள் தூளியைப் பார்த்துக் காவலர், "ஒங்களுக்கு என்னம்மா?" என்றார்.

"மாடிப்படியில வழுக்கி..." என்று வின்சென்ட் தொடங்கினார்.

"வழுக்கல்ல சார்," என்றாள் பிரேமா. "நானும் வழுக்கல்ல, அக்காவும் வழுக்கல்ல. இவிய கேட்டத் தொறந்து போட்டாவ, அது ஓடிப் போய் அக்கா மேல சாடிச்சு. என்னையும் அதாக்கும் இழுத்துப் போட்டுது."

காவலர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரையும் கடிக்கல்லியா?" என்றார்.

நானும் பிரேமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளை மன்னித்தது அந்த இடத்தில்தான்.

புகாரைப் பதிவு செய்தார்கள். வழக்கு அதன் பாட்டுக்கு நடக்கிறது. பிரின்ஸுக்குச் சங்கிலி வந்தது, கேட்டுக்குத் தாழ்ப்பாள் வந்தது. நாய்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு என்ன தெரியும்? என் கணவர் மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் வெந்நீர் வைத்து என் கையை முக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஓணத்துக்கு முன் மருத்துவர் கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, அசைவு முக்கால்வாசிதான் வரும், மீதியை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அந்த மீதி எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். கோயிலில் சந்தனம் வாங்கும்போது உள்ளங்கை முழுதாக நிமிராது. இடது கையை நீட்ட முடியாதே. அதனால் உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து வாங்குகிறேன். காலையில் நான் எழுந்து வெகுநேரம் கழித்துத்தான் கை எழுந்திருக்கிறது. வின்சென்ட் வீட்டுக் கேட் தாழிட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் கால் தானாகச் சாலையின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது.

ஓண வாரத்தில் கடைக்குப் போனேன். சீவுவதை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். முதல் சட்டி பாதி கருகியது. இரண்டாவதும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. என் கணவர் தீயைக் குறைத்தார். என் கை மெதுவாக ஓடுவதற்கு ஏற்ற தீ. இத்தனை வருடத்தில் அடுப்பு எனக்காக இறங்கியது அதுதான் முதல் தடவை.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். வருஷா வருஷம் வருகிறவர். என் கையில் உள்ள தழும்பைப் பார்த்தார். "எந்து பற்றி சேச்சி?" என்றார். என்ன ஆயிற்று என்று அவர்கள் பேச்சில் கேட்டார். நாய், என்றேன்.

"பட்டி கடிச்சோ?"

நான் வாயைத் திறந்தேன். என் கணவர் முந்திக்கொண்டார். கரண்டியை எண்ணெயிலிருந்து எடுக்காமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கடிக்கல்ல. தெருவுல ஒருத்தரு வளக்குற நாய் மேல சாடிக் கை ஒடிஞ்சு போச்சு. இவ வழுக்கி விழுந்தான்னு ஆஸ்பத்திரியில நான் பொய் சொன்னேன்."

எண்ணெயில் சிப்ஸ் சலசலத்தது. நான் அடுத்த காயை எடுத்து, இடது கையால், மெதுவாகச் சீவத் தொடங்கினேன்.