நின்று நின்று ஓடிய மாரப்பன் டாக்ஸி

பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போன டாக்ஸி, நடுவழியில் நின்றுவிட்டது. நல்லவேளையாகப் பின்னால் வந்த லாரிக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு போனார். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் மறுநாள் சித்தூர் ஸ்டாண்டில் அந்த டாக்ஸியில் ஏற ஓர் ஆள் இல்லை.

இது எழுபதுகளில் நடந்தது. பாலக்காட்டுக்குப் பக்கத்துச் சித்தூரில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருந்தது. டாக்ஸிக்காரர் மாரப்பன் முன்பு கள் இறக்கியவர். தென்னையிலிருந்து விழுந்த பிறகு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. மனைவி ருக்குமணி தன் நகையை விற்று இந்தப் பழைய வண்டியை வாங்கிக் கொடுத்திருந்தாள்.

"மேஸ்திரி, இன்னொருக்கா நின்னா வண்டிய வித்துப்போடறேனுங்க. மரமேறவும் கை ஆகாது. அப்பறம் நானு என்னதானுங்க பண்றது?" என்றார் மாரப்பன்.

அவர் குரலைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. தீப்பொறி தரும் பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாம் ஏற்கெனவே மாற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. என் கண்முன்னால் அந்த என்ஜின் சமர்த்தாக ஓடும். வெளியே போனால் நிற்கும். ஒரேயடியாகச் செத்துப்போன என்ஜினுக்கு மெக்கானிக் பயப்படமாட்டான். நினைத்தபோது செத்து, நினைத்தபோது பிழைக்கிற என்ஜின்தான் மானத்தை வாங்கும். எனக்கோ நல்ல பெயர் வாங்குவதில் கொஞ்சம் ஆசை அதிகம்.

ஒரு சனிக்கிழமை, "வாங்க, நானும் கூட வர்றேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். கோவிந்தாபுரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் என்ஜின் இரண்டு முறை இருமியது, நின்றது.

பானெட்டைத் திறந்து, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் பம்பின் கை லீவரை அடித்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. அதற்குள் மாரப்பன் ஒரு குச்சியோடு பின்னால் போயிருந்தார். பெட்ரோல் காட்டும் முள் செத்துப்போன வண்டி அது. நின்றால் குச்சி விட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். டேங்க் மூடியைத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"பாதி டேங்க் இருக்குதுங்க மேஸ்திரி!" என்று கத்தினார். அதே நேரம் லீவரை அடித்த என் கையில் பெட்ரோல் பீய்ச்சியது.

விஷயம் இதுதான். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கு மூடியில் ஊசி முனையளவு ஓட்டை இருக்கும். அது அடைபட்டால் பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. மூடியைத் திறந்தால் வண்டி பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மாரப்பன் குச்சி எடுத்துப் போனதால்தான் வண்டி மறுபடி ஓடியிருக்கிறது. விட்டுவிட்டு நிற்கும் வண்டி வந்தால் ஓட்டுகிறவரோடு ஒரு நடை போய்வாருங்கள், நின்றதும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்று என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்கிறேன்.

மூடியை வாங்கிப் பார்த்தேன். ஓட்டை தெரியவில்லை. விரல் கனத்துக்குச் சந்தனம், மேலே குங்குமம்.

"இதென்னங்க?"

"வெள்ளிக்கிழமையானா ஊட்டுக்காரி வண்டிக்குப் பொட்டு வெப்பாளுங்க. வண்டி சாப்படற வாயில்லீங்களா, அதனால மூடிக்கும் வெப்பா. நிக்க ஆரம்பிச்சதுல இருந்து பாவம், ரெண்டு பங்கு வெக்கறா."

காய்ந்து உதிர்ந்தால் ஓடும். அடுத்த வெள்ளி வந்தால் நிற்கும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாரப்பன் சிரிக்கவில்லை. மூடியை வாங்கி, துண்டு முனையால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"மேஸ்திரி, இது அவ காதுக்குப் போகவே கூடாதுங்க. அன்னைக்கு அந்தப் புள்ளத்தாச்சிக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா… தன்னாலதான்னு தெரிஞ்சா இவ தாங்க மாட்டாளுங்க."

என் சிரிப்பு நின்றது. "அப்ப வர்ற வெள்ளிக்கிழமை மறுக்கா வெப்பாங்களே?"

"வெக்கட்டுங்க. பொட்டு வெச்சாலும் ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க."

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி, மூடியின் விளிம்புக்கு அடியில், சந்தன விரல் எட்டாத இடத்தில், மெல்லிய டிரில் பிட்டால் ஓர் ஓட்டை போட்டேன். அதன்பின் வண்டி நிற்கவில்லை. ஸ்டாண்டில் அவரை ஒதுக்கியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

சில வாரம் கழித்து ருக்குமணியே மாரியாத்தா கோயில் பிரசாதத்தோடு வந்தாள். பின்னால் மாரப்பன். என் ஆட்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"மேஸ்திரியண்ணா, கோவிச்சுக்காதீங்க. நீங்களும் என்னென்னமோ கழட்டிப் பாத்தீங்க. கடைசில என்ற மாரியாத்தாதானுங்க வண்டிய ஓட வெச்சா!"

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மாரப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, நம்ம கையில என்ன இருக்குது" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது. எத்தனையோ ரிப்பேருக்கு எனக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு ரிப்பேருக்கு மட்டும் சித்தூரில் இன்றும் மாரியாத்தாளுக்குத்தான் பெயர், இருந்துவிட்டுப் போகட்டும்.