முட்டைக்குள் போகும் காற்று

கோலியனூர் வடிவு, திண்டிவனத்தில் ஒரு ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். மணிக்கட்டு வீங்கி வேலை செய்ய முடியாமல் போனபோது வீட்டோடு வந்துவிட்டார். இருநூறு முட்டை கொள்ளும் இன்குபேட்டர் பெட்டி ஒன்றை வாங்கி, நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்க ஆரம்பித்தார். மூன்று முறை நன்றாகவே பொரிந்தன.

நான்காவது முறை, பதினெட்டாம் நாள், புயல் வந்தது. கரண்ட் போய் இரண்டு நாள் வரவில்லை. கணவர் ஜெகதீசன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்து பெட்டிக்கு இணைப்புக் கொடுத்தார். குளிர்காற்று உள்ளே போய்விடுமோ என்று பயந்த வடிவு, பெட்டியின் ஓட்டைகளில் துணியை அடைத்து, மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார். இரண்டு நாளும் சூடு முப்பத்தேழரை டிகிரியிலிருந்து இறங்கவே இல்லை.

இருபத்தொன்றாம் நாள் ஒரு முட்டையும் விரியவில்லை. மறுநாளும் இல்லை. ஒன்றை உடைத்துப் பார்த்தார். அலகு, நகம், ஈர இறகு எல்லாம் முழுசாக இருந்தன. உயிர் இல்லை.

"சூடு கொறையவே இல்லீங்களே, அப்புறம் இன்னாத்துக்கு செத்துச்சு?" என்று ஜெகதீசனிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"என்னைக் கேட்டா? டாக்டரைப் போய் கேளு."

விழுப்புரத்தில் கால்நடை மருத்துவர் சங்கவி நடந்ததையெல்லாம் கேட்டார். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி, நல்ல முட்டை ஒன்றை மெல்ல இறக்கினார். ஓடு முழுக்கக் கடுகு கடுகாய்க் காற்றுக்குமிழிகள் அரும்பின.

"ஓட்டுல இவ்ளோ ஓட்டையா டாக்டரம்மா?"

"ஆயிரக்கணக்குல இருக்குதுக்கா. உள்ள இருக்கிற குஞ்சு நம்மள மாதிரி மூச்சை இழுக்காது. அது ரத்தத்துல ஆக்சிஜன் கம்மி, வெளிய அதிகம். அதிகமா இருக்கிற எடத்துலேர்ந்து கம்மியா இருக்கிற எடத்துக்குக் காத்து அதுவாவே போகும். கெட்ட காத்தும் அதே மாதிரி வெளிய வந்துடும். யாரும் தள்ள வேணாம்."

வடிவு டம்ளரைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "அப்ப பெட்டிக்குள்ளயே ஆக்சிஜன் கம்மியாயிட்டா?"

"உள்ள போறதும் கொறைஞ்சிடும். கடைசி நாளுங்கள்லதான் குஞ்சுக்கு அது நெறையத் தேவை."

"நான்தான் மூடிட்டேன்."

"தெரியாமத்தானேக்கா செஞ்சீங்க. அடுத்த தடவை மூடாதீங்க."

தை மாதம் மறுபடி முட்டை வைத்தார். அதிலும் பத்தொன்பதாம் நாள் காலையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஓட்டைகள் திறந்திருந்ததால் இந்தத் தடவை பேட்டரி போதவில்லை, சூடு இறங்கியது.

"தார்ப்பாய் கொண்டாரட்டா?" என்றார் ஜெகதீசன்.

"வேணாங்க! ஜல்தியா வெந்நீர் போடுங்க."

பழைய பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். ஆற ஆற மாற்றினார். ஓட்டைகள் எல்லாம் திறந்தே இருந்தன. சாயங்காலம் கரண்ட் வரும்வரை இருவரும் நகரவில்லை.

இருபத்தொன்றாம் நாள் மதியம் ஒரு முட்டையில் கீறல் விழுந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் பெட்டி முழுக்கக் கீச்சுக் கீச்சென்று சத்தம். நூற்று அறுபத்து மூன்று குஞ்சுகள்.

வடிவு சங்கவிக்குப் போன் போட்டு, போனைப் பெட்டியருகே பிடித்தார்.

"கேக்குதா டாக்டரம்மா?"

"நல்லா கேக்குதுக்கா," என்று அந்தப் பக்கம் சிரித்தார் சங்கவி.